பிஷாரா பார்த்த முதுகு

பிஷாராவுக்கு எதையும் அடித்துச் சொல்லிப் பழக்கமில்லை. கடைவீதிக்குப் போய் ஒரு காங்கா துணி எடுப்பதற்குள் கடைக்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும். எடுத்து வந்த பிறகும், மற்ற நிறத்தை எடுத்திருக்கலாமோ என்று புலம்பிக்கொண்டிருப்பாள். "அவகிட்ட போய் இன்னைக்கு வெள்ளிக்கிழமையான்னு கேளு, இருக்கலாம்னு சொல்லுவா" என்று அவள் ஊரான கிபாவுனியின் பெண்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவளின் ஒரு வார்த்தைக்காக ஒரு துறைமுகமே காத்து நின்ற கதையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்தக் கரையில் இல்லை. அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை.

அவள் வேலை பேய்க்கணவாய் பிடிப்பது. கடல் வற்றும்போது கையில் கம்பியோடு கடற்புல் திடலுக்குள் இறங்குவாள். கல்லிடுக்கில் எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு கிடப்பதைக் குத்தி இழுத்து, கல்லில் அடித்துத் துவைத்துக் கூடையில் போடுவாள். நீர் திரும்புவதற்குள் கரையேறிவிட வேண்டும். திடலின் கிழக்கு விளிம்பில் ஓர் ஆழமான ஓடை இருந்தது. அந்த ஓடையைத் தோண்டி அகலமாக்கித்தான் புதிய துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரப்போகின்றன என்று ஊரில் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

ஒரு நாள் காலை ஒரு பெரிய பேய்க்கணவாய் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அதைப் பிடுங்கி முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அவசரமாகத் திரும்பும்போது ஓடைப் பக்கம் தண்ணீர் பிளந்தது. பழுப்பாக, அகலமாக ஒரு முதுகு. மேலே துடுப்பு இருந்ததா என்று அவள் கவனிக்கவில்லை. புஸ்ஸென்று ஒரு மூச்சு. கனத்த உடம்புக்காரர் தூக்கத்தில் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது. அப்புறம் தண்ணீர் மூடிக்கொண்டது. கலங்கல் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கணவன் ஷெபுவானாவிடம் சொன்னாள்.

"வெயில்ல நின்னா அப்படித்தான் தெரியும்" என்றான் அவன். "மரக்கட்டையா இருக்கும்."

"மரக்கட்டை மூச்சு விடுமா?"

"நீ விட்ட மூச்சையே நீ கேட்டிருப்ப, போ."

அது அதோடு போயிருக்க வேண்டியது. ஆனால் இரண்டு வாரம் கழித்து மொம்பாசாவிலிருந்து நெகேசா வந்து இறங்கினாள். மேற்கே ஏரிக்கரையைச் சேர்ந்தவள். கடலுயிர்களைப் படித்தவள். துறைமுகம் வந்தால் எந்தெந்த உயிருக்கு என்ன ஆகும் என்று கணக்கெடுத்துச் சொல்லும் பொறுப்பை அரசாங்கம் அவள் குழுவிடம் கொடுத்திருந்தது. வீடு வீடாக உட்கார்ந்து இஞ்சி டீ குடித்து, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: கடற்பசுவைப் பார்த்திருக்கிறீர்களா? கிழவர்கள் சின்ன வயதில் பார்த்ததாகச் சொன்னார்கள். இப்போது பார்த்தவர் யாருமில்லை.

பிஷாரா முதுகைப் பற்றிச் சொன்னதும் நெகேசா டம்ளரைக் கீழே வைத்தாள். பையிலிருந்து படங்களை எடுத்துப் பாயில் பரப்பினாள். ஓங்கில் என்கிற டால்பின், ஆமை, திருக்கை, கடற்பசு.

"இதுல எது மாதிரி இருந்துச்சுக்கா? அவசரமே இல்ல. நல்லா பாத்துச் சொல்லுங்க."

பிஷாரா பார்த்தாள். ஆமை இல்லை. திருக்கை மூச்சு விடாது. கை தானாகக் கடற்பசுப் படத்தின் மேல் போய் நின்றது. நெகேசாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷத்தை எதிரில் வைத்துக்கொண்டு கையை எடுக்க பிஷாராவுக்கு மனம் வரவில்லை. முதலில் படத்தைப் பார்த்துக் கை வைத்தோமா, இல்லை அந்த முகம் மலரத் தொடங்கியதைப் பார்த்து வைத்தோமா என்பது அன்றிலிருந்து அவளை அரித்தது.

சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. மீனவர் சங்கத் தலைவன் துவாலிப் ஹல்வாப் பொட்டலத்தோடு வந்தான்.

"அக்கா, நீங்கதான் எங்களக் காப்பாத்தணும். அரிய உயிர் இருக்குன்னா ஓடையத் தோண்ட விடமாட்டாங்க. கூட்டத்துல வந்து பார்த்தேன்னு ஒரு வார்த்தை. போதும்."

"பார்த்தேன்தான். ஆனா என்னத்தப் பார்த்தேன்னு..."

"அதெல்லாம் யோசிச்சுக் குழப்பிக்காதீங்க."

அவன் போனதும் ஷெபுவானா பிடித்துக்கொண்டான். துறைமுகத்தின் காவல் படகை ஓட்டுகிற வேலைக்கு அவன் பெயர் கொடுத்திருந்தான்.

"ஊருக்கெல்லாம் வழி விடுற ஓடையில நீ ஒரு மாட்டைக் கொண்டுபோய்க் கட்டியிருக்க" என்றான். "நான் இன்னும் எத்தனை வருஷம் கிழிஞ்ச பாயை விரிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போறது?"

"நான் கட்டலைங்க. அதுவா வந்துச்சு."

"எது வந்துச்சு?"

பிஷாரா கூடையைக் கழுவப் போய்விட்டாள்.

பிறகு கடற்பசுவைத் தேடி ஒரு சின்ன விமானம் வந்து வளைகுடாவுக்கு மேலே கோடு போட்ட மாதிரி போய்ப்போய்த் திரும்பியது. ஆமைகள் தெரிந்தன, ஓங்கில்கள் தெரிந்தன. கடற்பசு ஒன்றுகூடத் தெரியவில்லை. துறைமுகத்துக்காரர்கள் நிம்மதியானார்கள். நெகேசா ஆகவில்லை.

"தண்ணி கலங்கலா இருந்தா மேல இருந்து தெரியாதுக்கா. தெரியலங்கறதால இல்லன்னு ஆகாது" என்று அவள் விளக்கினாள்.

பிஷாரா யோசித்தாள். "அப்ப எனக்குத் தெரிஞ்சதால இருக்குன்னு மட்டும் ஆகுமா?"

நெகேசா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அதுவும் ஆகாது" என்றாள்.

பார்த்த இடத்தை நேரில் காட்டச் சொன்னாள். ஷெபுவானாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படகை ஓட்டினான். ஓடை ஓரத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். நெகேசா தண்ணீருக்குள் குனிந்து, புல்லை ஏதோ மேய்ந்துபோன தடம் தெரிகிறதா என்று தேடினாள். ஒரு கோடு தெரிந்தது. அது படகு இழுத்த தடமாகவும் இருக்கலாம் என்று அவளே சொன்னாள். திரும்பக் கிளம்பும்போது படகுக்கு முன்னால் தண்ணீர் பிளந்தது. சாம்பல் முதுகு, புஸ்ஸென்று மூச்சு.

"அதோ!" என்று பிஷாரா எழுந்து நின்றதில் படகே ஆடியது.

"கூன்முதுகு ஓங்கில்" என்றாள் நெகேசா. "இதுவும் அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம்தான். ஆனா கடற்பசு இல்ல. அன்னைக்குப் பார்த்தது இது மாதிரியா இருந்துச்சு?"

பிஷாரா கண்ணை மூடி அன்றைய முதுகைக் கொண்டுவரப் பார்த்தாள். வந்தது. ஆனால் பாயில் விரித்த படத்தில் இருந்த கடற்பசுவாகவே வந்தது. படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்புகூட அப்படியே இருந்தது. கடலில் பார்த்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஷெபுவானா முதல் முறையாக எரிச்சலில்லாமல் அவளைப் பார்த்தான். "உக்காரு, விழுந்துறப் போற" என்று மட்டும் சொன்னான்.

கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நைரோபியிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார்.

"அம்மா, நீங்க கடற்பசுவைப் பார்த்தீங்களா, இல்லையா?"

"மூச்சு விட்டுச்சுங்க."

"எது?"

"அதான் தெரியல."

துவாலிப் எழுந்துவிட்டான். "அன்னைக்குப் படத்தத் தொட்டுக் காட்டுனீங்களேக்கா!"

"நாலே படம்தான் வச்சாங்க தம்பி. அதுல நான் பார்த்ததுக்குக் கிட்டத்துல வந்தது அதுதான். அஞ்சாவதா ஒண்ணு வச்சிருந்தா அதத் தொட்டிருப்பேனோ என்னமோ."

கூரை அதிரச் சிரித்தார்கள். அவள் உட்காரப் போனவள் மறுபடியும் ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"ஆனா ஒண்ணுமே இல்லன்னும் எழுதிடாதீங்க. ஏதோ இருந்துச்சு. உடம்போட இருந்துச்சு."

துவாலிப்புக்கு அவள் கவிழ்த்துவிட்டாள் என்று கோபம். துறைமுகத்துக்காரர்களுக்கு அவள் முழுசாகக் கவிழ்க்கவில்லையே என்று வருத்தம். வெளியே வேப்பமரத்தடியில் நெகேசாவும் களைத்துப்போய் நின்றாள்.

"கோவமா?" என்றாள் பிஷாரா.

"கொஞ்சம். நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். அப்படி நினைக்கறது தப்புன்னும் தெரியுது."

சில மாதம் கழித்து முடிவு வந்தது. கிழக்கு ஓடையைத் தோண்டப் போவதில்லை. கப்பல் வழி மேற்கே மாறுகிறது. அடியில் துளை போட்டுப் பார்த்தபோது கிழக்கே உடைக்க முடியாத பாறை இருந்தது, அதுதான் காரணம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். துவாலிப் நம்பவில்லை. "பாறையாம் பாறை! அக்கா பேச்சுக்குத்தான் பயந்துட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லி, ஒரு பெரிய தட்டு புலாவ் கொடுத்தனுப்பினான். பிஷாராவுக்கு அதைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அதற்குள் ஷெபுவானா பாதியைச் சாப்பிட்டிருந்தான். காவல் படகு வேலை அவனுக்கே கிடைத்துவிட்டிருந்தது.

ஆனால் மேற்குத் திடல் முகலேனி ஊர்ப் பெண்களுடையது. அவர்களும் பேய்க்கணவாய் பிடிக்கிறவர்கள்தான். மண் அள்ளும் கப்பல் வந்து வேலையைத் தொடங்கியதும் அங்கே தண்ணீர் பால் விட்ட டீ நிறத்துக்கு வந்தது. புல் மேல் சேறு படிந்தது. பொந்துகள் மூடிப்போயின. சந்தையில் ஸுபேதா என்ற முகலேனிக்காரி பிஷாராவை மறித்தாள்.

"உன் மாட்டைக் காப்பாத்த எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"நான் எதையும் சொல்லலையே. பாறை..."

"அப்ப எதுக்கு வாயத் திறந்த?"

கிபாவுனியில் அவள் செய்யாத நன்மைக்கு நன்றி. முகலேனியில் அவள் செய்யாத கெடுதலுக்குத் திட்டு. நிஜமாகவே தன்னால்தான் வழி மாறியதோ, பாறை என்பது பேருக்குச் சொன்னதோ என்று சில நாட்களில் அவளே நினைக்கத் தொடங்கினாள். நெகேசாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "பாறை நிஜம்தான்க்கா. உங்க பேச்சும் அறிக்கையில இருந்துச்சு. எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு எனக்கே தெரியாது" என்றாள் அவள்.

அடுத்த ஆண்டு தென்காற்று அடங்கிய சமயம் ஒரு காலையில் முகலேனியிலிருந்து ஆள் வந்தது. ஸுபேதாதான் அனுப்பியிருந்தாள். சுறா வலையில் சிக்கிச் செத்த ஒன்று கரை ஒதுங்கியிருக்கிறது, வந்து பார் என்று சேதி. பிஷாரா நடையும் ஓட்டமுமாகப் போனாள். கடல் ஆராய்ச்சிக்கு அடிக்கடி வந்துபோகும் நெகேசாவும் மதியத்துக்குள் வந்துவிட்டாள்.

மணலில் கடற்பசு கிடந்தது. உண்மையான கடற்பசு. தேய்ந்த மூக்கு, சின்னக் கண், மடிப்பு மடிப்பாகக் கழுத்து. பிஷாரா சுற்றிச் சுற்றி வந்தாள். ஈர மூட்டை ஒன்றை யாரோ போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. எதுவும் பிடிபடவில்லை.

"நான் இப்படிப் பார்க்கல. தண்ணியிலதான பார்த்தேன்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "தண்ணிக்குள்ள இழுத்துவிட்டுக் காட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

"செத்ததைக் குளிப்பாட்டணுமாம்" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முதலில் வந்து வாலைப் பிடித்தவள் ஸுபேதாதான். அளவெடுத்து முடிந்ததும் நெகேசா தலையாட்டினாள். பெண்கள் எல்லோருமாகப் பிடித்து இழுத்து இடுப்பளவுத் தண்ணீரில் விட்டார்கள். பிஷாரா தள்ளிப் போய் நின்றாள். அலை தூக்கியபோது பழுப்பாக, அகலமாக முதுகு மேலே வந்தது. வெயில் பட்டது. இறங்கியது. மறுபடி வந்தது.

"இதுவா?" என்று ஸுபேதா கத்தினாள்.

பிஷாரா நெகேசா பக்கம் திரும்பினாள். "இதுன்னு சொன்னா என்ன ஆகும்?"

நெகேசா அளவு நாடாவைச் சுருட்டினாள். "இதுன்னா... நீங்க பார்த்தது செத்துப்போச்சு. இந்த வளைகுடாவுல வேற இருக்குன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"இது இல்லன்னா?"

"இன்னொண்ணு இருக்கலாம்."

பிஷாரா மறுபடியும் பார்த்தாள். ஆமாம் என்று தோன்றியது. அன்றைக்குப் பார்த்தது இதைவிட நீளமில்லையா என்றும் தோன்றியது. தூரம் அதிகமல்லவா, எப்படி நீளம் தெரிந்திருக்கும் என்றும் தோன்றியது. தான் பார்த்தது எது, தான் வேண்டுவது எது என்று பிரிக்க முடியாமல் தண்ணீரில் நின்றாள். ஸுபேதா பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"என்னடி, இன்னும் முடிவு பண்ணலையா?"

"இல்ல."

"நாசமாப் போச்சு" என்றாள் ஸுபேதா. ஆனால் கையை எடுக்கவில்லை.

நெகேசா அந்த உடம்பிலிருந்து வேண்டியதை வெட்டி எடுத்துக்கொண்டாள். மீதியை ஊரார் மேட்டில் புதைத்தார்கள். வளைகுடாவில் கடற்பசு இருந்தது என்று இப்போது அறிக்கையில் சந்தேகமில்லாமல் எழுதிவிட்டார்கள். செத்த ஒன்றைச் சான்றாகக் காட்டி. பிஷாரா சொன்னது, உறுதி செய்யப்படாதது என்ற பெயரில் அப்படியே இருக்கிறது.

முகலேனித் திடலில் சேறு இன்னும் வடியவில்லை. ஸுபேதாவும் இன்னும் இரண்டு பேரும் இப்போது கிழக்குத் திடலுக்குத்தான் வருகிறார்கள். வரச் சொன்னது பிஷாரா. அதற்குக் கிபாவுனிப் பெண்கள் அவளோடு ஒரு மூச்சு சண்டை போட்டு ஓய்ந்தார்கள். வேலைக்கு நடுவே பிஷாராவின் கண் ஓடைப் பக்கம் போய்விடும். கையிலிருந்த பேய்க்கணவாய் வழுக்கிப் பொந்துக்குள் ஓடிவிடும்.

"போச்சு, விட்டுட்டா" என்று ஸுபேதா திட்டுவாள். "அங்க என்னடி பாக்குற?"

"ஒண்ணும் இல்ல" என்பாள் பிஷாரா. பிறகு கொஞ்சம் யோசித்து, "இருக்கலாம்" என்பாள்.