சாயம் அடிக்க முடியாத நாள்கள்

போர்ட் ஸ்வெட்டன்ஹம் துறைமுக ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சீனர் கோப்பிக்கடையில் அண்ணன் ஒரே ஒரு கோப்பி வாங்கினான். பாதியைக் குடித்துவிட்டுக் கோப்பையை அண்ணி பக்கம் நகர்த்தினான். அண்ணி அவன் வாய் வைத்த அதே விளிம்பில் வாய் வைத்து மீதியைக் குடித்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் புருஷன் எச்சிலைக் குடித்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறாளே, இவள் எந்த வீட்டில் வளர்ந்தவள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் குமட்டல் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது அது என்மேல்தான் வருகிறது.

இப்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் புதிதாகக் கல்யாணமானவர்கள் மழை வந்தால் ஒரே குடையில் ஒட்டிக்கொண்டு பேசும் படம் பார்க்கப் போகிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னாலும் அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்கு அதே பிரிக்பீல்ட்ஸில், எங்கள் ரயில்வே லைன் வீடுகளில் ஒருவன் பெண்டாட்டியோடு சேர்ந்து வாசலைத் தாண்டினாலே பத்து ஜன்னல்கள் திறக்கும். அந்த ஜன்னல்களில் ஒன்று எங்களுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் ரயில்வேயில் சாயம் அடிக்கும் ஆட்களுக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி. பாலங்கள், ஸ்டேஷன் தூண்கள், சிக்னல் கம்பங்கள் எல்லாம் அவன் ஆட்கள் சாயம் அடித்தவைதான். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வேலை கிடையாது. எங்கள் வீடோ ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அறைக்கு நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். சேலைக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும், அந்தப் பக்கம் அவர்கள் இருவரும். அண்ணி இருமினால் அம்மா ஏனென்று கேட்பாள். இருமாவிட்டாலும் கேட்பாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ரயில்வேக்காரர்களுக்கும் குடும்பத்துக்கும் ரயிலில் போய்வர இலவச பாஸ் உண்டு. மழை நாளில் அண்ணிக்குக் காட்ட அண்ணனிடம் இருந்த ஒரே உல்லாசம் அதுதான். ஏறி உட்கார்ந்து, கிள்ளானைத் தாண்டிக் கப்பல் நிற்கும் இடம்வரை போய், ஒரு கோப்பி குடித்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிடுவது.

அவன் முதல் தடவை கேட்டபோது அம்மா மறுக்கவில்லை. "போயிட்டு வா ராசா. தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போ. ரெண்டு பேரும் தனியாப் போனா பாக்கறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்றாள். என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "கண்ணையும் காதையும் தொறந்து வச்சிக்கிட்டு இரு" என்றாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வந்த வரன் எல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த காலம். விவரம் தெரியாத வயது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வேவு பார்க்கிற வேலையை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியை நினைத்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். மழைக்காக ஜன்னல் பலகைகளை இறக்கிவிடுவார்கள். உள்ளே ஈரத்துணி, ரப்பர் ஷீட், கருவாட்டுக் கூடை எல்லாம் கலந்து ஒரு நாற்றம் நிற்கும். அந்த நாற்றத்தில் அவர்கள் இருவரும் எப்படிச் சந்தோஷமாக இருந்தார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அண்ணன் அவித்த கச்சான் கடலையைத் தோலுரித்து அண்ணி கையில் வைப்பான். எனக்கும் வைப்பான், வேண்டாமென்பேன். பத்து தீகா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பாலம் வரும். "இதுக்கு மேல நின்னுதான் போன மாசம் சாயம் அடிச்சோம். கீழ பாத்தா தல சுத்தும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். அண்ணி ஒவ்வொரு தடவையும் பலகையைக் கொஞ்சம் தூக்கி எட்டிப் பார்ப்பாள், சாரல் முகத்தில் அடிக்கும். வீட்டில் வாயே திறக்காதவள் ரயிலில் ஓயாமல் பேசுவாள். தன் அப்பா எப்படிக் குறட்டை விடுவார் என்று செய்துகூடக் காட்டினாள். நான் உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஐந்தாறு தடவை போயிருப்போம். ஒரு நாள் திரும்பி வரும்போது அண்ணன் குரலைத் தாழ்த்தி, "கிள்ளான்ல மண்டோருக்கு ஒரு வீடு காலியாகுதாம். மாத்திக் கேட்டா குடுத்துடுவாங்க. எழுதிக் குடுக்கட்டுமா?" என்றான்.

"ரூம்புக்குக் கதவு இருக்குமா?" என்று அண்ணி கேட்டாள்.

"இருக்கு. நான் போய்ப் பாத்தேன். ஒரு ரூம்பு, தனிக் கதவு."

"எழுதுங்க. அத்தைக்கு மாசாமாசம் அனுப்பிடலாம். வாரம் ஒரு தடவ வந்து பாத்துக்கலாம். எனக்கு ஒரு கதவு இருந்தாப் போதும்." அப்புறம்தான் நான் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. "வீடு கெடைக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதம்மா. உன்னையும் அங்க கூட்டிக்கிட்டுப் போய் வச்சிக்குவேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஈரச்சேலையைக்கூட மாற்றவில்லை. அவர்கள் குடையை விரித்துவைத்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் எச்சில் கோப்பியைச் சொன்னேன், பிறகு வீட்டை. அம்மாவோடு தனியாக மாட்டிக்கொள்வேனே என்ற பயத்தில் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது, அம்மா அடுப்பைவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், அந்த ருசிக்காகத்தான் சொன்னேன். இதைவிட அசிங்கமான காரணம் ஒன்று இருக்குமா, தெரியவில்லை.

அம்மா சத்தம் போடவில்லை. "கிள்ளானுக்குப் போறியாமே" என்று அண்ணனிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் நான் கொடுத்த பாலை மட்டும் குடித்தாள். பால் குடிக்கிறாள் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதையும் நான் சொல்லவில்லை. ஆற்றுக்கு மேலே கயிற்றைப் பிடித்துத் தொங்கிச் சாயம் அடிக்கிறவன், மூன்றாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மா காலடியில் உட்கார்ந்து, "எழுதிக் குடுக்கலம்மா. நான் எங்கயும் போகல" என்று அழுதான். அவனைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அண்ணி சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்கு அண்ணன் குடையை எடுத்தபோது, "மாவு ஆட்டணும்" என்றாள் அண்ணி. அதற்கடுத்த மழைக்கு அண்ணனும் கேட்கவில்லை. மறு வருஷம் எனக்குக் கிள்ளானிலேயே மாப்பிள்ளை அமைந்தது. என் வீட்டில் இரண்டு அறைகள், இரண்டுக்கும் கதவு. தடுப்புச் சேலை அம்மா இருந்தவரை அண்ணன் வீட்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

போன வருஷம் அம்மா காலமானாள். காரியமெல்லாம் முடிந்து நான் அங்கேயே தங்கியிருந்தேன். ஒரு நாள் காலையிலேயே மழை. அண்ணன் வேலைக்குப் போகாமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அண்ணியக் கூட்டிக்கிட்டு ரயில்ல ஒரு தடவ போயிட்டு வாங்களேன். வீட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன். அண்ணன் முகத்தில் ஒரு ஆசை வந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தான்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"நீயும் வர்றதா இருந்தா போலாம். நீ இல்லாம நாங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்குவோம்?"

யாரும் போகவில்லை.