வித்த மெஷின்ல இருந்த மூக்குத்தி

பேய், ஆவின்னு யாராவது பேச்செடுத்தா, "போய் வேலையப் பாருங்கடி"ன்னு எழுந்து போற ஆளு நான். வருஷத்துக்கு ஒரு வாட்டி திருமலைக்குப் படியேறுவேன், அதோட சரி. இதக் கேட்டுட்டு நீங்க சிரிப்பீங்க, தெரியும். சிரிச்சுக்கோங்க. நடந்தத நடந்தபடியே சொல்றேன், என் கெட்ட புத்தியையும் மறைக்காம சொல்றேன், அப்பவாவது நம்புறீங்களான்னு பாக்கலாம்.

எங்களுது நகரி. வீட்டுக்காரரு பவர்லூம் ஓட்டுறாரு, நான் வீட்லயே ஜாக்கெட் தெக்கிறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி திருப்பதியில ஒரு சந்துல, கால்ல மிதிக்கிற தையல் மெஷின் ஒண்ணு விக்கறாங்கன்னு கேள்விப்பட்டு போயி வாங்கிக்கினு வந்தேன். அந்த வீட்டு ஆம்பளதான் ஆட்டோவுல ஏத்தி வுட்டாரு. நல்லாத்தான் ஓடுச்சு. போன வருஷம் மோட்டார் வெச்ச புது மெஷின் வந்ததும், பழச பின் தெரு விஜயாவுக்கு வித்துட்டேன்.

வித்தது என் தப்பு. எங்கிட்ட கொக்கி கட்டக் கத்துக்கினவ, என் மெஷினையே மிதிச்சுக்கினு என் ஆளுங்களயே இழுத்துக்கினா. எங்கிட்ட பத்து வருஷமா வந்துகினு இருந்த டீச்சரம்மாகூட அளவு ஜாக்கெட்ட எடுத்துக்கினு அங்க போயிட்டாங்க. துணி காயப்போடற சாக்குல மொட்டமாடிக்குப் போயி, அவ வாசல்ல எத்தினி ஜோடி செருப்பு கிடக்குதுன்னு எண்ணுவேன். அஞ்சு ஜோடிக்கு மேல இருந்தா அன்னிக்கி எனக்கு சோறு இறங்காது. வயிறு எரிஞ்சுச்சுங்க, வேற எப்படி சொல்றது?

ஒரு நாள் அவளே வந்தா. "அக்கா, மெஷின் டிராயர் சிக்கிக்கினு இருந்துச்சு. புடுங்கிப் பாத்தா பின்னாடி சந்துல இது இருந்துச்சு, உன்னுதா பாரு"ன்னு ஒரு துணி முடிச்ச நீட்டுனா. உள்ள ஏழு கல்லு வெச்ச தங்க மூக்குத்தி. சத்தியமா அத நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. அவ பேசாம வெச்சிருந்தா யாருக்குத் தெரியப் போவுது? ஆனா கொண்டாந்துட்டா. அதான் எனக்குப் பொறுக்கல. ஆளுங்களும் அவளுக்கு, நல்லவளுன்ற பேரும் அவளுக்கு, இப்ப தங்கமும் அவளுக்கேவா?

"என்னுதுதான்டி, எங்கம்மா போட்டது"ன்னேன். வாய் கூசவே இல்ல.

"நல்ல வேள அக்கா, எவ்ளோ தேடியிருப்பே"ன்னு சொல்லிட்டு சந்தோஷமாப் போறா. அதுக்கும் எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்காரரு மட்டும் கேட்டாரு, "இன்னாமே, மெஷின வித்தப்பால அதுல இருக்கறது வாங்குனவளுதுதானே?"

"தங்கத்துக்கும் சேத்தா அவ காசு குடுத்தா?"

"நீ மட்டும் குடுத்தியா?"ன்னாரு. அத மூக்குல போட்டுக்கினு, வேணும்னே அவ தெரு வழியா காய் வாங்கப் போனேன்.

மூணாம் நாளு மத்தியானம் துன்னுட்டு பாயப் போட்டேன். கரண்ட் போச்சு. எங்க ஊர்ல கரண்ட் போனா தறியெல்லாம் ஒரேயடியா நின்னு போயி, காது அடைச்ச மாதிரி ஆயிடும். பாதி தூக்கத்துல மிதி மெஷின் ஓடற சத்தம் கேக்குது. விஜயா வீட்லயிருந்து வருதுன்னு மொதல்ல நெனச்சேன். இல்ல, என் தலமாட்டுலயே ஓடுது. கண்ணு தெறக்க வரல. தறிச்சத்தம் திரும்பி வந்தப்பதான் எழுந்தேன். காலையில வெட்டிப் போட்ட மூணு கல்யாண ஜாக்கெட்டும் தெச்சு, கொக்கி கட்டி, மடிச்சு வெச்சிருக்குது. என்னுது மோட்டார் மெஷின், கரண்ட் இல்லாம ஒரு தையல்கூட போடாது.

பயந்தியான்னு கேப்பீங்க. நம்பினா நம்புங்க, பயம் அப்பாலதான் வந்துச்சு, மொதல்ல வந்தது பொறாம. ஓரம் மடிச்சு எம்மிங் பண்ணியிருந்தத நீங்க பாக்கணுமே, நூலு எங்க உள்ள போவுது எங்க வெளிய வருதுன்னே தெரியாது. பதினஞ்சு வருஷமா எனக்கு அது படியல. வாங்க வந்தவங்க, "இப்பதான் அக்கா உனக்கு கை வந்திருக்குது"ன்றாங்க. அப்போ இத்தினி நாளு வந்தது இன்னா கை? தெனம் மத்தியானம் இதே கதையா நடந்துச்சு. நான் இன்னா செஞ்சேன் தெரியுமா? பல்லக் கடிச்சுக்கினு, தெச்சு வெச்சிருந்ததுல பாதியப் பிரிச்சு, என் கையால திரும்பத் தெச்சேன். பேயிகிட்டயே போட்டி போட்ட பொம்பள உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

இப்படியே பத்து பன்னெண்டு நாளு போச்சு. ஒரு நாள் வீட்டுக்காரருக்கு மணிக்கட்டு பெசகிடுச்சு, புத்தூருக்குக் கட்டு போட கூட்டிக்கினு போனேன். காலையில பூட்டுன வீட்ட சாயந்தரம் வந்துதான் தெறந்தேன். உள்ள நாலு ஜாக்கெட் மடிச்சு வெச்சிருக்குது. அப்பதான் பயம் வந்துச்சு. அத மூக்குல போட்டதுலயிருந்துதான் இதெல்லாம்னு உறைச்சுச்சு. அங்கயே நின்ன நிலையில மூக்குத்தியக் கழட்டுனேன். அது என்னுதும் இல்ல, விஜயாளுதும் இல்ல, செத்துப் போன எவளோ ஒருத்தியோடதுன்னு முடிவு பண்ணிட்டேன். மறுநாள் காலையில மொத பஸ்ல திருப்பதி.

மெஷின் வாங்குன அந்த வீட்டுக் கதவத் தெறந்தது என் வயசு பொம்பள ஒருத்தி. மூக்குல வெறும் ஓட்ட. தெலுங்குலதான் பேசுனோம், உங்களுக்குப் புரியட்டும்னு தமிழ்ல சொல்றேன். மூக்குத்திய நீட்டுனதும் அவ கண்ணுல ஒத்திக்கினு அழுதுட்டா. மூக்கு வீங்கிச்சுன்னு கழட்டி, துணியில முடிஞ்சு, டிராயர்ல போட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. திரும்பி வர்றதுக்குள்ள புருஷன் மெஷின வித்துட்டாரு. எங்க போச்சுன்னு கேட்டு விசாரிக்கக்கூட வுடலையாம், வித்தது வித்ததுதான்னுட்டாராம். "மெஷினத்தானே வித்தாரு, என் மூக்குத்தியவா வித்தாரு?"ன்னு எங்கிட்ட கேட்டா. உசுரோட நிக்கிறவளப் பாத்து எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

கண்ணத் தொடச்சுக்கினு அப்பதான் என் மூஞ்சிய நல்லாப் பாத்தா. பாத்ததும் ரெண்டடி பின்னாடி போயி செவத்துல ஒட்டிக்கினா.

"நீங்களா?"ன்னா.

"என்னைத் தெரியுமா?"

"கொஞ்ச நாளா மத்தியானம் கண்ண மூடினா பச்ச செவுரு போட்ட ரூம்ல உக்காந்து யார் ஜாக்கெட்டோ தெச்சுக்கினு இருக்கேன். தெக்கிறதுக்கு எனக்கு பயமில்ல, அது எனக்குப் புடிச்ச வேல. பின்னாடி ஒருத்தி நிக்கிறா. பல்லக் கடிச்சுக்கினு என் கையையே பாக்கறா. நான் எழுந்தா என் தையலப் பிரிக்கிறா. அவளுக்கு பயந்துக்கினு படுக்காம உக்காந்திருந்தாலும் கண்ணு சொக்கிடுது. நேத்துகூட நின்னீங்களே."

நேத்து நான் புத்தூர்ல இருந்தேன். எங்க தெக்கிற ரூம் செவுரு பச்சதான். அவ எங்க ஊருக்கு வந்ததே இல்ல, நான் மெஷின் வாங்கப் போனப்போ அவ வீட்லயே இல்ல. தண்ணி வேணுமான்னுகூட கேக்கல, கதவச் சாத்திட்டா. உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுச்சு.

அன்னியோட எங்க வீட்ல அந்தத் தையல் நின்னு போச்சு. வர்றவங்க, "இன்னா அக்கா, முன்ன மாதிரி இல்லையே"ன்றாங்க. பாதிப் பேரு பின் தெருவுக்குப் போயிட்டாங்க. நான் இன்னும் மாடியேறி செருப்பு எண்ணிக்கினுதான் இருக்கேன், வுட முடியலங்க. மூக்குத்தி கதைய விஜயாகிட்ட சொல்லவும் வாய் வரல.

போன வாரம் அவளே வந்து உக்காந்தா. கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்குது. "அக்கா, மத்தியானம் கண்ண மூடவே பயமா இருக்குது. யாரோ பின்னாடி நின்னுக்கினு என் கையையே பாக்கற மாதிரி இருக்குது"ன்னா.

மூஞ்சி தெரியுதாடின்னு நான் கேக்கல. அவளும் என் மூஞ்சிய நிமிந்து பாக்கல.