ஒத்திகையில் கரையேறாதவள்

எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நாலாவது, என் மகள் கோமதி விட்டுப்போன மீனா. ஆம்பூரில் தாலுகா ஆபீஸ் வாசலில் டீக்கடை போட்டே எல்லாரையும் ஆளாக்கினேன், ஒருத்தர் கையையும் எதிர்பார்த்ததில்லை. பேய், ஆவி என்று யாராவது என் கடையில் உட்கார்ந்து பேசினால், டீயைக் குடித்தாயா, எழுந்து போ என்று சொல்கிற ஆள் நான். இப்போதும் அதெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நடந்ததை நடந்தது என்றுதானே சொல்ல வேண்டும். நீங்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

முதலில் கோமதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. எங்கள் பாலாறு பெயருக்குத்தான் ஆறு. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மணலும் முள்ளுச்செடியும், தோல் கம்பெனிப் பக்கமிருந்து வருகிற சாக்கடையும்தான். அதனால் எப்போதாவது தண்ணீர் வருகிறது என்றால் நாங்கள் பயந்து ஓடமாட்டோம். தாய் வீட்டுக்குப் பெண் வந்த மாதிரி மஞ்சள், குங்குமம், பூ, வளையல் என்று தட்டு எடுத்துக்கொண்டு போய் வரவேற்போம். வெள்ளம் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் மேட்டுக்கு ஏறுவார்கள், நாங்கள் பள்ளத்துக்கு இறங்குவோம். மீனா கைக்குழந்தையாக இருந்தபோது அப்படித்தான் ஆறு வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கோமதி பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, "தண்ணி வந்துடுச்சான்னு பாத்துட்டு வந்துடறேம்மா" என்று பச்சைப் புடவையில் தட்டோடு கிளம்பிப் போனாள்.

நடு ஆற்றில் மணல் திட்டின் மேல் நின்று எதிரே பார்த்துக்கொண்டிருந்தவளை, பின்பக்கமாக வந்த தண்ணீர் சுற்றிக்கொண்டது. கரையில் ஊரே நின்று கத்தியதாம். வீசுவதற்கு ஒரு கயிறு இல்லை, கூப்பிட்டால் வருவதற்கு ஒரு ஆள் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

"காரியம் பண்ணிடலாம்மா, அவளும் எத்தன நாளைக்குத்தான் அலைவா" என்று என் மகன் ஏழுமலை வருஷா வருஷம் கேட்பான். முகத்தைப் பார்க்காமல் எப்படிப் பிண்டம் வைப்பது என்று நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

போன வருஷம் மழைக்கு முன்னால், ஆபீசின் பின்பக்கம் ஓட்டை நாற்காலி போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளம், தீ, என்ன ஆபத்து வந்தாலும் அங்கே கூப்பிடலாமாம், ராத்திரி பகல் ஆள் இருக்குமாம். டெலிபோன் வந்தது, வயர்லெஸ் வந்தது, சுவர் முழுக்க ஆறும் ஏரியும் வரைந்த படம் வந்தது. மிதவைச் சட்டை, லாரி டியூப், டார்ச் லைட். ஆணியில் ஒரு பெரிய கயிற்றைச் சுருட்டி மாட்டினார்கள். நான் டீ கொண்டுபோகும்போதெல்லாம் அந்தக் கயிற்றைத்தான் பார்ப்பேன்.

கடையில் ஷூ கம்பெனிப் பையன் ஒருத்தன் கேலி பண்ணினான். "ஆத்துல தண்ணியே இல்ல, அதுக்கு ஒரு ஆபீசா ஆயா? மணல்ல முழுகறவன இழுத்துப் போடவா?"

"நீ குடிச்சிட்டு ஷிஃப்டுக்குப் போடா, நேரமாவுது" என்றேன். அவனுக்கு என்ன தெரியும்.

வயர்லெஸ் முன்னால் உட்காருகிற பெண் பர்வீன், எங்கள் தெருக்காரி. எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இந்தப் பட்டன அமுக்கினாத்தான் நம்ம பேசறது அவங்களுக்குக் கேக்கும் ஆயா. விட்டாத்தான் அவங்க பேசறது நமக்குக் கேக்கும்."

"இன்னா இது, இவ்ளோ பேஜாரு. போன் மாதிரி பேசினா ஆவாதா?"

சிரித்தாள். அந்த அறையைத் திறப்பதற்கு முன்னால் ஒத்திகை என்று ஒரு நாள் வைத்தார்கள். நல்ல வெயில், காலை வேளை. மகளிர் குழுப் பெண்களுக்கெல்லாம் மஞ்சள் நிற மிதவைச் சட்டை மாட்டி, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி காய்ந்த மணல் திட்டில் நிற்க வைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொருத்தராக இடுப்பில் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்க வேண்டும். அதிகாரிகள் எல்லாம் ஆணியில் மாட்டியிருந்த கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். அறையில் பர்வீனும், டீ கொண்டுபோன நானும்தான்.

"எல்லாரும் கரையேறிட்டாங்க. ஓவர்" என்று வயர்லெஸில் தீயணைப்புத் தம்பியின் குரல் கேட்டது. பர்வீன் நிம்மதியாகக் கிளாசை வாங்கினாள். மறுபடியும் அதே குரல்.

"இருங்க மேடம். இன்னொரு அக்கா திட்டு மேலயே நிக்கிறாங்க. பச்சப் பொடவ. கையில தட்டு வெச்சினு இருக்காங்க. நீங்க அனுப்பினவங்களா?"

"இல்லயே. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் மஞ்சச் சட்டதானே குடுத்தோம்?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம், "கிட்ட வந்துட்டேன். கயிறு கட்டிட்டேன், வரமாட்டேங்கிறாங்க. என்னமோ கேக்கறாங்க. மைக்க அவங்ககிட்டயே வெக்கிறேன், நீங்களே கேளுங்க."

"அம்மா, தண்ணி வந்துடுச்சா?"

நம்பினால் நம்புங்கள். பெற்றவளுக்குக் குரல் தெரியாதா. பர்வீன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "வந்துடுச்சு கோமதி, பின்னாடி வருது பாரு, கயித்த விடாத, ஏறி வந்துடு கண்ணு" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஆயா, நீங்க பட்டன அமுக்கவே இல்ல."

அமுக்குவதற்குள் அந்தத் தம்பியின் குரல் வந்துவிட்டது. "கயிறு லேசாயிடுச்சு. ஆளக் காணோம் மேடம்."

பர்வீன் யாரையோ கூப்பிட்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பினாள். போய்ப் பார்த்தால் மணல் காலைச் சுடுகிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. கரையில் இழுத்துப்போட்ட கயிறு மட்டும் சொட்டச் சொட்டக் கிடந்தது. இடுப்பளவுக்கு வளையம், போட்ட முடிச்சு போட்டபடியே. முடிச்சின் இடுக்கில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்தத் தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "என் கையாலதான் கட்டினேன் ஆயா. இடுப்பு சில்லுன்னு இருந்தது" என்றான். வெயிலில் கண் கட்டியிருக்கும், குழுப் பெண் யாராவது விளையாடியிருப்பாள் என்றார் பெரிய அதிகாரி.

அந்தக் கயிறு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. வேலைக்கு வேறு கயிறு வாங்கிவிட்டார்கள், இதன் முடிச்சை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. இந்தக் கோடையில் ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றது. அப்போதும் அந்த ஆணிக்குக் கீழே தரை ஈரம். பர்வீன் அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறாள்.

ஏழுமலை இந்த வருஷமும் கேட்டான். "அவ கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லாம எப்படிடா அனுப்பறது?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும் எனக்கு, இதை எழுதவே பல நாள் ஆகிவிட்டது. மீனா இப்போது பெரிய பெண். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் எனக்குத் தூக்கிப்போடுகிறது, அப்படியே அவள் அம்மா குரல்.

மீனா, இங்க வா கண்ணு. தப்பெல்லாம் அப்புறம் திருத்திக்கலாம். மொதல்ல ஆயாவுக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டு. உங்கம்மா கேட்ட எடம் வரும் பாரு, அத மட்டும் மெதுவா படிச்சிட்டு நிறுத்து. நான் பதில் சொல்லணும்.