அந்தத் தண்ணீரை நான் குடித்துவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை கறம்பக்குடியில் உங்கள் ராசாத்தி அத்தாச்சி வீட்டுக்குப் போனோமே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தட்டில், தளும்பத் தளும்ப ஒரு லோட்டாத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்தப் புளி வாசனை மூக்கில் ஏறியதும் என் கை நடுங்கி, பாதித் தண்ணீர் வேட்டியில் கொட்டிவிட்டது. நம் சின்னவன் சும்மா இருப்பானா? "அப்பா கை ஆடுது!" என்று கத்தினான்.

"ஆடட்டும்டா. மாமா கை ஆடுனாத்தான் எங்களுக்கு நல்லது" என்றாள் ராசாத்தி. உங்கள் அத்தை பொன்னழகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உங்கள் அம்மாவும் சிரித்தாள். உங்களுக்கு மட்டும் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் நச்சரித்தீர்கள். பஸ் சத்தத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்பில் தவறியவன் எழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் அப்பா பதினோரு வருஷம் ஒரு சபையில் இருந்தவன். சபையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தபோது சர்க்கார் ஆபீஸான கச்சேரியில் எழுதிக்கொண்டிருந்த பலருக்கு வேலை போயிற்று. அப்படிப்பட்ட ஒருவர்தான் ஒரு ராஜ வீதியில் மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்து அதைத் தொடங்கினார். அவரை நாங்கள் ஐயா என்போம். கச்சேரி போனாலும் கச்சேரிப் பழக்கம் அவரை விடவில்லை. சபையில் சேர மனு எழுத வேண்டும். மனுவுக்கு முத்திரை உண்டு. ஆளுக்கொரு நோட்டு உண்டு. மனசைத் தெளிய வைக்க ஏழு படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு உத்தரவுக் காகிதம்.

ஏன் போய் விழுந்தாய் என்று கேட்பீர்கள். அப்போது நான் கடலை மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் பிண்ணாக்கு வாசனை. மில்லில் என்னை "ஏலே" என்பார்கள். டீக்கடையில் "அங்கிட்டு நில்லு" என்பார்கள். அந்த மாடிப்படியில் நான் கால் வைத்த முதல் நாள், வெள்ளை வேட்டி கட்டிய ஐயா எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றார். இருபது வயதில் முதல்முதலாக ஒருவர் என்னை வாங்க என்று சொல்லிக் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விழுந்தேன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தை நல்ல வார்த்தைதான்.

சபையின் முக்கியமான காரியம் தண்ணீர் ஏந்துவது. புளி போட்டுத் தேய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தட்டு. அதில் விளிம்பு வரை தண்ணீர். அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு உட்கார வேண்டும். எதிரே ஒருவர் கேள்வி கேட்பார். யாரிடம் பொய் சொன்னீர்கள், யார் மேல் கோபம், எதை மறைக்கிறீர்கள் என்று வரிசையாக வரும். பதில் சொல்லும்போது தண்ணீர் ஆடினால் இன்னும் ஏதோ மறைக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆடாமல் நிற்கும் வரை கேள்வி நிற்காது. சொன்னதையெல்லாம் ஒருவர் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு நோட்டில் எழுதுவார். அவருடைய நாக்கு எப்போதும் ஊதா நிறமாக இருக்கும். கடைசியில் அந்தத் தண்ணீரைக் கொல்லையில் வேப்பமரத்துக்கு ஊற்றிவிட வேண்டும். அதில் நம் அழுக்கு இறங்கியிருக்கிறதாம். ஒரு சொட்டுக்கூட வாயில் படக்கூடாது.

நான் தண்ணீர் ஏந்தப் பழகிய கதை ஒரு கூத்து. மூட்டை இறக்கிய கை சும்மா இருக்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே போகிற இடமெல்லாம் தட்டும் கையுமாகத் திரிந்தேன். ஒருமுறை கறம்பக்குடி பஸ்ஸில் பழகினேன். ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தது. முன்சீட்டு அம்மாளின் முறுக்குக் கூடை நனைந்துபோயிற்று. "ஏம்ப்பா, பஸ்ஸுக்குள்ள என்ன பூசையா பண்றே? என் முறுக்குக்கு எதுக்குத் தீர்த்தம்?" என்று அந்த அம்மாள் புதுக்கோட்டை வரை விடவில்லை.

பழகப் பழகச் சூட்சுமம் பிடிபட்டது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பேச வேண்டும். அவ்வளவுதான். பிறகு எதைச் சொன்னாலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். எங்கள் சபையில் ஒரு துணிக்கடைக்காரர் ஐந்தாம் படியில் இருந்தார். அவர் கடை அளவுகோல் நாலு விரல் குறைச்சல் என்று ஊருக்கே தெரியும். அவர் தட்டில் தண்ணீர் அசைந்ததே இல்லை. இட்லி விற்கிற ஓர் அம்மாள் இருந்தார். குளிர்க்காய்ச்சல் வந்து பிழைத்தவர், கை உதறும். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர் அவர். கடைசி வரை முதல் படியைத் தாண்டவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டே பதினோரு வருஷம் இருந்தேன். ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மூட்டை தூக்கினால் முதுகுதான் வளையும் என்பார்கள். எனக்கு மூளையும் வளைந்திருந்தது.

இனிமேல் எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பொன்னழகியைச் சபைக்குக் கூட்டிப்போனவன் நான்தான். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்குள் நான் கேள்வி கேட்கிறவனாக உயர்ந்திருந்தேன். சபையில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரனைச் சொந்தக்காரன்தான் கேட்க வேண்டும். எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் வரும் என்று அவனுக்குத்தானே தெரியும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் என் தங்கச்சியை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். மத்தியானம் கடந்தது. அவள் கையில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஏன் ஆடுது? என்ன மறைக்கிற?"

"ஒண்ணும் இல்லண்ணே. பசிக்குது."

"பசினு சொல்லித் தப்பிக்காதே."

இதைச் சொன்னது நான். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்குக் கஞ்சி ஊற்றி வளர்த்தவனும் நான்தான்.

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். "நீ கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேண்ணே. இன்னும் என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. வயித்துல ஒண்ணு இருக்கு. இன்னும் யாருக்கும் சொல்லல. அதையும் நோட்டுல எழுதிக்க" என்று சொல்லிவிட்டு, மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள்.

ஊதா நாக்குக்காரர் அதையும் எழுதினார்.

பாதியில் எழுந்து போகிறவர்களுக்குச் சபையில் 'கலங்கல்' என்று பெயர். கலங்கலோடு பேசக்கூடாது, அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது, எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நான் திருப்பிக்கொண்டேன். ராசாத்தி பிறந்த செய்தி மில்லுக்குக் கடலை கொண்டுவந்த வண்டிக்காரர் மூலம் வந்தது. தாயும் பிள்ளையும் சுகமா என்றுகூட நான் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாம் வயதில் ராசாத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஐயனார் கோயிலில் மண்குதிரைக்கு முன்னால் சமுக்காளம் விரித்து, ஆசாரியும் வந்துவிட்டார். தாய்மாமன் மடி வேண்டும். பொன்னழகி ஓலை அனுப்பினாள், ஆள் அனுப்பினாள், நான் போகவில்லை. அவள் நாத்தனார் புருஷன், "நானும் மாமன் முறைதானே, என் மடியில உக்காரட்டும்" என்றாராம். "எங்கண்ணன் மடி இல்லாம என் புள்ள காதுல ஊசி படாது" என்று சொல்லி, ஆசாரிக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டாளாம். நான் அப்போது சபையில் தண்ணீர் ஏந்திக்கொண்டிருந்தேன். "மனசு எங்க இருக்கு?" என்று ஐயா கேட்டார். "இங்கதான்" என்றேன். தண்ணீர் ஆடவில்லை. அன்றைக்கே எனக்கு மூன்றாம் படி கொடுத்தார்கள்.

பிறகுதான் உங்கள் அம்மா வந்தாள். அவளையும் சபையில் சேர்க்கப் பார்த்தேன். "எனக்குத் தண்ணி எடுக்கத் தெரியும், குடத்துல. தட்டுல எடுத்தா சோறு வேகாதுங்க" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

ராசாத்திக்கு ஏழு வயது இருக்கும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவர்களை நேருக்கு நேர் பார்த்தேன். பொன்னழகி இளைத்திருந்தாள். பக்கத்தில் பாவாடை கட்டிய பிள்ளை. எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை. மூளிக் காது. ஈர்க்குச்சி செருக ஒரு துளைகூட இல்லை. நான் வழக்கப்படி முகத்தைத் திருப்பி, பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல நின்றேன்.

"ஆத்தா, அவுகதான் மாமாவா?"

"ஆமா."

"எதுக்கு நம்மளப் பாக்காத மாதிரி பாக்குறாக?"

"அவுக கையில தண்ணி இருக்குடி. திரும்புனா சிந்திப்புடும்" என்றாள் பொன்னழகி.

என் இரண்டு கையும் வெறும் கைதான். ஆனாலும் நான் திரும்பவில்லை. பஸ் போன பிறகு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். "ஏங்க, அவுக கேக்குறது ஒங்க மடிய. உசுரையா கேக்குறாக?" என்றாள். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபை நிறைந்திருந்தது. எனக்கு நாலாம் படி என்று பேச்சு. ஐயாவே கேட்க உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டு விஷயம் எப்படியோ அவருக்குப் போயிருந்தது.

"கலங்கலைப் பாத்தீங்களாமே?"

"பாத்தேன்."

"இனிமே பார்க்க மாட்டீங்களே?"

"பாப்பேன். நாளைக்கே போறேன். புள்ளைக்குக் காது குத்தணும்."

முழங்கையை நான் விலாவில் ஒட்டவில்லை. மூச்சை நிறுத்தவில்லை. கையை நன்றாக நீட்டித்தான் வைத்திருந்தேன். தண்ணீர் ஆடவில்லை. நான் பார்த்தேன், ஐயா பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். "பாருங்கய்யா, ஆடல. ஒங்க கணக்குப்படி நான் சொல்றது சத்தியம்" என்றேன்.

அவர் குனிந்து தட்டை உற்றுப் பார்த்தார். பிறகு, "மனசு செத்தவன் கையிலயும் தண்ணி ஆடாது" என்றார்.

ஆடினால் கள்ளன், ஆடாவிட்டால் பிணம். பதினோரு வருஷமாக எனக்குப் புரியாதது அந்த நிமிஷத்தில் புரிந்துபோயிற்று. எனக்கு அப்போது நல்ல தாகம். தட்டைத் தூக்கி வாயில் வைத்து, அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

கூட்டத்தில் யாரோ "ஐயையோ!" என்றார்கள். இட்லிக்கார அம்மாள் மட்டும், "புரையேறிடப் போவுது, மெதுவாக் குடிப்பா" என்றார். அது சாதாரணக் கிணற்றுத் தண்ணீர். கொஞ்சம் பித்தளை வாடை, அவ்வளவுதான்.

ஐயா எழுந்துவிட்டார். "போடா வெளிய! ஒன் நோட்டு எங்கிட்ட இருக்கு, மறந்துடாத!" அந்த 'வாங்க' போன இடம் தெரியவில்லை.

"வாசிங்க" என்றேன். "சந்தைப்பேட்டையில நின்னு வாசிங்க. எழுத்து சரியாத் தெரியலைனா என்னக் கூப்புடுங்க, நானே வந்து வாசிச்சுக் காட்டுறேன்."

பிள்ளைகளே, அந்த நோட்டில் என்ன இருந்தது என்று நாளைக்கு யாரும் உங்களிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டியதில்லை. நானே சொல்கிறேன். மில்லில் மடி நிறையக் கடலை திருடினேன். எட்டாம் வகுப்பில் தவறிவிட்டு, தேறினேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் தகப்பனார் சாகும்போது நான் டெண்டுக் கொட்டகையில் சினிமாப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் உங்கள் அப்பா. பசித்த தங்கச்சியை, பிள்ளைத்தாய்ச்சியை, அரை நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டேனே, அது மட்டும் என் நோட்டில் இல்லை. அதைச் சபையில் குற்றம் என்றே யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் அதை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

மறுநாள் கறம்பக்குடிக்குப் போனோம். உங்கள் அம்மா தோடும் பாவாடைத் துணியும் வாழைத்தாரும் எடுத்துக்கொண்டாள். வாசலில் என்னைப் பார்த்த பொன்னழகி அழுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடிக்கிறேனா என்று நின்று பார்த்தாள். குடித்தேன். பிறகுதான், "ஏண்ணே, இவ்வளவு நாளா?" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை மடியில் அடங்குமா? கால் இரண்டும் சமுக்காளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "மாமா, நான் என்ன கைப்புள்ளையா?" என்று நெளிந்தாள். ஆசாரி, "ஆள அசையாமப் புடிங்க" என்றார். என் கை உதறியது. முழங்கையை விலாவில் ஒட்டிப் பார்த்தேன், மூச்சைப் பாதியில் நிறுத்திப் பார்த்தேன், கற்ற வித்தை ஒன்றும் பலிக்கவில்லை. ஊசி பட்டதும் அவள் அழவில்லை. நான் அழுதேன். இன்றைக்கும் ராசாத்தி அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வாள்.

நோட்டை அவர்கள் வாசிக்கவே இல்லை. சில வருஷத்தில் ஐயா காலமானார், சபை கலைந்தது. நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரோ என் குற்றங்களில் வறுத்த கடலை மடித்துத் தின்றிருப்பார்கள். திருடிய கடலை அப்படியாவது திரும்பிப் போயிற்றே. வேப்பமரத்தையும் வெட்டிவிட்டார்கள். அந்த மாடியில் இப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடக்கிறது. நம் பெரியவளைச் சேர்க்கப் போன வாரம் ஏறிப் போனேன். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் படபடவென்று அடிக்க, தரை அதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் யாரோ ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அது ஆடு ஆடென்று ஆடியது. நான் நின்று பார்த்தேன். ஏன் ஆடுகிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.