காதோடு பேசிய மூன்று வாரம்

மூன்றாவது தரம் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடம் அது. எழுபதுகளின் பிற்பகுதி. நான் அங்கே ஏலம் கூறுபவன். மலையிலிருந்து இறங்கிய ஒவ்வொரு சரக்குக்கும் மாதிரிக் காயைத் தட்டில் போட்டு வியாபாரிகளிடம் சுற்றவிடுவார்கள். அவர்கள் காயை உடைத்து, மோந்து, கடித்துப் பார்த்து விலை கேட்பார்கள். அதை நான் ஏற்றிக்கொண்டே போய், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடிக்க வேண்டும். மூன்றாவது தரம் காதில் விழுந்தால்தான் சரக்கு கைமாறும்.

அன்று இரண்டோடு நின்றுவிட்டேன். நான் வேடிக்கை காட்டுவதாக நினைத்து முன்வரிசையில் சிரித்தார்கள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் கூட்டிக் கேட்க, வாங்கிவிட்டதாக நினைத்திருந்தவர் சண்டைக்கு எழுந்துவிட்டார். குமாஸ்தா ஓடிவந்து சமாதானம் செய்தார். நான் ஓரமாக நின்று தண்ணீர் குடித்தேன். பயம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் ஏலத்தை நினைத்து வந்த பயம் இல்லை அது. அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊர் சிலமலையில் எங்கள் பாட்டுக் கச்சேரி.

தொண்டையை நம்பிப் பிழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாத்தியார்கள், கண்டக்டர்கள், தெருவில் கூவி விற்பவர்கள், அப்புறம் என்னைப் போன்ற பாட்டுப் பைத்தியங்கள்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் ஆறு பேர். யாருக்கும் அது பிழைப்பு இல்லை. ஆர்மோனியம் வாசித்துக் குழுவை நடத்திய ஜெயராஜுக்கு மளிகைக் கடை. மற்றவர்களும் ஆளுக்கொரு வேலையில் இருந்தவர்கள்தான். பங்குனி, சித்திரை வந்தால் ஊருக்கு ஊர் திருவிழா. பகலெல்லாம் கூடத்தில் கத்திவிட்டு, அதே தொண்டையோடு சாயங்கால பஸ்ஸில் ஏறுவேன். உச்சஸ்தாயிப் பாட்டெல்லாம் எனக்குத்தான். மேலே போகிற இடத்தில் மற்றவர்கள் தயங்குவார்கள். எனக்கோ அங்கே போன பிறகுதான் மூச்சே சீராக வரும். அதில் கர்வம் இருந்தது. மறைப்பானேன்?

என் மனைவி சரசுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. "ஒரு தொண்டைய வச்சுக்கிட்டு எத்தன எடத்துலதான் சோலி பாப்பீங்க?" என்பாள். கேலி செய்கிறாள் என்று நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

உண்மையில் அந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே குரல் கரகரக்கத் தொடங்கியிருந்தது. எஸ்டேட் கோயில் விழாவுக்கு ஜீப்பில் மேலே போய் வந்ததில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. கூடத்தில் ஆளாளுக்கு ஒரு பிடி ஏலக்காய் கொடுத்தார்கள், அதையும் மென்றேன். குரல் கரகரப்பு மூன்று வாரத்தில் போகாவிட்டால் ஒரு டாக்டர் தொண்டைக்குள் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

சிலமலையில் இரண்டு பாட்டுக்கு மேல் பாட முடியவில்லை. மறுவாரம் சரசு என்னை மதுரை ரயிலில் ஏற்றினாள்.

தொண்டை டாக்டர் ஒரு அம்மா. நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். துணியால் என் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல்நாணில் (மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கும் இரண்டு மெல்லிய மடிப்புகள், இவை சேர்ந்து அதிர்ந்தால்தான் குரல் வரும்) இடது பக்கம் ஒரு பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருக்கிறது என்றார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஏலம் கூறுறேன் டாக்டர்."

"அது மட்டும்தானா?"

"பாடுவேன்."

"ரெண்டுக்கும் ஒரே நாண்தான் இருக்கு," என்றார். சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அறுவைசிகிச்சை செய்து சதையை எடுத்தார்கள். சோதனைக்கு அனுப்பியதில் புற்று இல்லை என்று வந்தது. அன்று மருத்துவமனை வாசலில் சரசு சூடம் ஏற்றினாள். மூன்று வாரம் பேசவே கூடாது, அதன் பிறகு பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு போடியில் இறங்கினேன். ஏதோ மௌன விரதம் என்று நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள். டீக்கடையில் என்னிடம் திருநீறு கேட்டவர்கூட உண்டு. நான் சிரித்தேன். அதுவும் சத்தமில்லாமல்தான்.

ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். அதற்குள் என் இடத்தில் குமாஸ்தா நின்று ஏலம் கூறுகிறார் என்று கேள்விப்பட்டேன். மறுநாளே கூடத்துக்குப் போனேன். முதலாளி என்னை மாதிரிக் காய் மேசையில் உட்காரவைத்தார். வியாபாரிகள் என்னிடம் சரக்கைப் பற்றி விசாரிப்பார்கள். போன வாரம் எது எந்த விலைக்குப் போனது என்று கேட்பார்கள்.

போடியில் ஏலக்காய் விலையைச் சத்தமாகச் சொல்பவன் ஏலம் கூறுபவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் காதோடுதான் பேசுவார்கள். சிலேட்டில் எழுதினால் பக்கத்தில் நிற்பவன் பார்த்துவிடுவான். அதனால் என் பக்கம் காதை நீட்டினார்கள். நானும் குனிந்து குசுகுசுவென்று சொன்னேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை, இரண்டு வாரம். குரலே எழுப்பவில்லை, வெறும் காற்றுதானே என்று நினைத்தேன். டாக்டர் சொல்லைத் தட்டாதவன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது.

மூன்று வாரம் முடிந்து மதுரைக்குப் போனோம். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"யார்கிட்டயாவது பேசினீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"குசுகுசுன்னு?"

சரசுதான் பதில் சொன்னாள். "அது பேச்சாங்கம்மா? காதுக்குள்ளதான் சொன்னாரு."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. குசுகுசுப்பதும் பேச்சுதான் என்றார். அப்போது நாண்கள் இயல்பாகச் சேராமல் இறுகி நிற்கும்; ஆறாத புண்ணுக்கு அது பெரிய உழைப்பு. தழும்பு விழுந்துவிட்டது. பேச்சு வரும்; மைக் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் ஏலமும் கூறலாம். மேல் ஸ்தாயி வராது.

நான் சிலேட்டை எடுத்தேன். 'ஏலத்தை அடியோடு விட்டுவிட்டால்?' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் படித்துவிட்டுச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். "விட்டாலும் வராது."

ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிவிடலாம் என்று பேரம் பேச நினைத்திருந்தேன். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். பாடுகிறவர்கள் பாட்டுக் கேட்டால் அவர்களுக்கே தெரியாமல் தொண்டை கூடவே பாடப் பார்க்குமாம். கொஞ்ச காலத்துக்குக் கச்சேரிப் பக்கம் போக வேண்டாம்.

ரயில் தேனி தாண்டியதும் சரசு, "நானாச்சும் அந்தம்மாகிட்ட கேட்டிருக்கணும்," என்றாள். அதோடு சரி.

ஜெயராஜ் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். கையில் எங்கள் குழுவின் மைக். "மாப்ளே, கூடத்துல இத வச்சுக்க. கத்தாத. எங்களுக்கு வேற வாங்கிட்டோம்," என்றான். புதுப் பாடகரும் வந்துவிட்டார், பள்ளிக்கூட வாத்தியார் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒத்துக்கொண்ட கச்சேரிகள் இருந்தன. ஆனாலும் அன்று அவனுக்கு நான் காப்பி கொடுக்கச் சொல்லவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மைக் வைத்து ஏலம் கூறத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிச்சத்துக்குக் குமாஸ்தா. நான் நாளைக் கடிகாரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டேன். இன்றைக்கு இன்னும் எத்தனை சொல் மிச்சம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். இந்த நோய் வந்தவர்களுக்கு இது புரியும். பிள்ளைகளைத் திட்டுவதைக்கூட யோசித்துத்தான் திட்டுவேன்.

அடுத்த சித்திரையில் மனசு கேட்கவில்லை. சிலமலைக்குப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். நான் வழக்கமாகப் பாடும் பாட்டை வாத்தியார் எடுத்தார். நன்றாகத்தான் பாடினார். மேலே போகும் இடம் வந்தபோது என் தொண்டையும் சேர்ந்து ஏறியது. வாயை இறுக்கி மூடியிருந்தேன், துண்டால் கழுத்தைச் சுற்றியிருந்தேன், அப்படியும் ஏறியது. உள்ளே சுருக்கென்று இழுத்தது. மறுநாள் கூடத்தில் ஒரு தரம்கூடச் சொல்ல வரவில்லை.

"கச்சேரிக்குப் போனீங்களா?" என்றாள் சரசு. தலையாட்டினேன். திட்டுவாள் என்று இருந்தேன். "அடுத்து எந்த ஊர்ல?" என்றுதான் கேட்டாள்.

அடுத்து பொட்டிபுரம். அவளே போனாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வீட்டில் நான் பாடிப் பழகுவது காதில் விழுந்ததோடு சரி, நான் பாடிய ஒரு கச்சேரிக்கும் அவள் வந்ததில்லை.

மறுநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே எனக்குக் கச்சேரியைச் சொன்னாள். மொதல்ல சாமி பாட்டு. அப்பறம் ஒரு சோகப் பாட்டு. ஜெயராஜண்ணே ஆர்மோனியப் பொட்டியில ஒரு கட்டை ஒட்டிக்கிச்சு. நினைவில் இருந்த வரிகளையும் சொன்னாள். ராகம் இல்லை, தாளம் இல்லை. அடுத்த வீட்டுக்காரி சொன்ன சேதியைச் சொல்வதுபோல் சொன்னாள். என் தொண்டை அசையாமல் கிடந்தது. பாட்டை இப்படியும் கேட்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு என் பாட்டுக்கு வந்தாள். இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள்.

"அப்பறம் மேல போவுமே, அந்த எடம்?" என்றேன்.

"அது தெரியாது. அந்த எடம் வரும்போது நான் எந்திரிச்சு வந்துட்டேன்." கீரைத் தண்டை முறித்துப் போட்டாள். "அங்க வேற ஆளு கொரலு எனக்கு ஆகல."

இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அந்தப் பாட்டு பஸ்ஸில், டீக்கடையில் எங்கே கேட்டாலும் நான் நின்று கேட்கிறேன். மேலே போகும் இடத்தில் என் தொண்டை ஏறுவதில்லை. அங்கே சரசு சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் கூட்டத்திலிருந்து எழுந்து வருகிறாள்.