பழுப்பு மையில் மூன்று சொட்டு

மை விற்கிறவனுக்கு, வாங்கினவர் படியிறங்கிப் போன பிறகுதான் பயமே ஆரம்பிக்கும். புடவை விற்கிறவர் விரித்துக் காட்டிவிடலாம். அல்வா விற்கிறவர் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்துவிடலாம். மை அப்படியில்லை. யாருடைய பேனாவிலோ ஏறி, எவரோ அச்சடித்த தாளில் இறங்கி, நாம் இல்லாத இடத்தில் தன் குணத்தைக் காட்டும். சொந்தக் கையால் எதையாவது செய்து விற்கிற என் சக பாவிகளே, நீங்கள் ஊறுகாய் போடுபவரோ, மெழுகுவர்த்தி வார்ப்பவரோ, யாராக இருந்தாலும் நமக்கெல்லாம் ஒரே வியாதிதான்.

எறணாகுளத்துக்கு எதிர்க்கரையான மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குப் பேனாக் கடை. அப்பா தென்காசியிலிருந்து வந்தவர், நான் இங்கேயே பிறந்தவன். இருந்தும் ஊருக்கு நான் அண்ணாச்சிதான். போன பங்குனியில் சும்மா இருக்க முடியாமல் நானே ஒரு பழுப்பு மை கலக்கினேன். பால் விடாத சாயாவின் நிறம். அந்தச் சாயாவுக்கு இங்கே சொல்கிற ‘கட்டன்’ என்ற பெயரையே வைத்து, லேபிள் அடித்து, முதல் ஈடாகப் பன்னிரண்டு குப்பி நிரப்பினேன். அன்று பிடித்தது எனக்குச் சனி.

வக்கீலின் பட்டை நிப்

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மை வாங்க வருகிறவர் தன் பேனாவையும், எதில் எழுதப் போகிறாரோ அந்தத் தாளையும் கொண்டுவர வேண்டும். இரண்டு சொட்டு நான் இலவசமாகத் தருவேன், எழுதிப் பார்த்துப் பிடித்தால்தான் விற்பேன். கடையில் நல்ல தாளில் எழுதிக் காட்டி விற்பது, கல்யாணத் தரகர் போட்டோ காட்டுவது மாதிரி.

முதலில் வந்தவர் கலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு வக்கீல். பட்டை நிப். கேஸ் குறிப்பு எழுதத் தடித்த தாளில் தைத்த நோட்டு. எழுதினார். கோடு ஆரம்பிக்கும் இடத்தில் தேன் நிறம், முடியும் இடத்தில் கருப்புக்குப் பக்கம். ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி இருந்தது. தாளைத் திருப்பினேன், பின்னால் ஒரு புள்ளி கூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்தேன். விரலால் தேய்த்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். அவர் அதற்கு விடவில்லை. இரண்டு குப்பி எடுத்துக்கொண்டார். ஒன்று போதுமே, ஏன் இரண்டு என்று எனக்கு அதுவும் கவலையாகிவிட்டது. சிரித்துக்கொண்டே மலையாளத்தில் சொன்னார்: “அண்ணாச்சி, தூக்கு தண்டனை கேஸ்ல நிக்கிறவன்கூட தீர்ப்பை இப்படி உத்துப் பாக்க மாட்டான்.”

டாக்டரம்மாவின் ஊசி முனை

பன்னிரண்டும் போய்விட்டது. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா, தன் குப்பியோடு திரும்பி வந்தார். பார்த்த உடனேயே ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன்.

அவருடைய பேனாவின் முனை ஊசி மாதிரி. மருந்துச்சீட்டோ, ஏதோ மருந்துக் கம்பெனி கொடுத்த வழுவழுப்பான தாள். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். வக்கீலின் நிப்பில் கொட்டிய அதே மை, இதில் விரதம் இருந்தது. முதல் எழுத்து விழவில்லை, இரண்டாவது பாதி விழுந்தது, மூன்றாவது விழுந்தும் வெந்நீர் நிறத்தில் இருந்தது. பழுப்பு என்றால் சத்தியம் செய்ய வேண்டும். கடைக்கு வாங்க வந்தபோது நன்றாக எழுதிற்றே என்றேன். அன்றைக்கு அவர் கொண்டுவந்தது வீட்டுப் பேனாவாம், வீட்டு டைரியாம். டாக்டரம்மாவுக்குக் கோபமே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு எழுதினேன் அண்ணாச்சி. மருந்துக் கடைல காலைல மட்டும்தான் தெரிஞ்சுதாம்” என்றார்.

மூன்று சொட்டு

மெல்லிய நிப்பில் மை ஓடவில்லை என்றால் அதற்குத் துளி சோப்புத் திரவம் போதும். பாத்திரம் கழுவுகிற அதே திரவம்தான். மை கொஞ்சம் இளகி, சின்ன வழியிலும் நழுவி இறங்கும். ஒரு பெரிய ஜாடிக்கு ஒரு சொட்டு என்பது கணக்கு. இரண்டாவது ஈடு கலக்கும்போது ஒன்று விட்டேன். டாக்டரம்மா விட்டுப் போன பேனாவில் எழுதிப் பார்த்தேன். ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருடைய கிளினிக்கில் ஏசி ஓடுமே, நிப் காய்ந்துவிடுமே என்று இன்னொன்று விட்டேன். மூன்றாவது சொட்டு மைக்காக இல்லை, என் மனசுக்காக.

டாக்டரம்மாவின் வழுக்குத் தாளில் அது அருமையாக எழுதியது. வேறு எந்தத் தாளிலும் நான் எழுதிப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், என் பழக்கத்தை என் ஜாடிக்குச் செய்யவில்லை. நாற்பது குப்பி நிரப்பினேன். அதே ‘கட்டன்’ லேபிள். லேபிள் ஒட்டுவது என் மனைவி செல்வி. ஒட்டிக்கொண்டே, சோப்பு விட்டதை இதில் எங்காவது எழுத வேண்டாமா என்று கேட்டாள். எழுதினால் வாங்குவார்களா என்றேன். அவள் ஒரு குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒரு டாக்டருக்கு இருமல்னு ஊருக்கே மருந்து கொடுத்திருக்கீங்க.”

ஜமீலா கேட்ட ஒரு கேள்வி

ஜமீலாவை மட்டாஞ்சேரியில் கல்யாணம் செய்த எல்லோருக்கும் தெரியும். அழைப்பிதழ்க் கவர்களில் விருந்தாளிகளின் பெயரைக் கையால் எழுதிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. சாய்வாக வெட்டின நிப். ஏறும்போது நூல், இறங்கும்போது பட்டை. எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். பங்குனியில் அவள் ஒரு கவரைக் கொண்டுவந்து, முதல் ஈட்டு மையில் எழுதிப் பார்த்து, கல்யாண வீட்டில் காட்டிச் சம்மதம் வாங்கியிருந்தாள். குஜராத்தித் தெருக் கல்யாணம். பொன் எழுத்து அச்சடித்த தடித்த கவர், அதற்கு அந்தப் பழுப்பு அப்படிப் பொருந்திற்று. முந்நூற்றைம்பது கவர். பிரஸ்காரர் உபரியாகக் கொடுத்தது பத்தே பத்து.

ஆனியில், நல்ல மழையில், மை வாங்க வந்தாள். அந்தத் தெருவில் முதல் அழைப்பு பிள்ளையாருக்கு. அவர் பெயரை எழுதின பிறகுதான் மனுஷர்களுக்கு. அந்தக் கவரைக் காலையில் முதல் வேலையாக உட்கார்ந்து எழுதுவாளாம், மறுநாளே ஆரம்பிக்கப் போகிறாளாம். குப்பியை வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இது அன்றைக்கு எழுதின அதே மைதானே என்று கேட்டாள். கேள்வி அவ்வளவுதான். ‘இல்லை, கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், எழுதிப் பாருங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மழை, வாசலில் ஆட்டோ காத்திருக்கிறது, அவள் கையில் குடை. அதேதான் என்று சொல்லிவிட்டேன். அவள் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டாள். “அண்ணாச்சி சொன்னாப் போதும், இனி நான் எழுதிப் பாக்க வேண்டாம்.”

திறக்காத போட்டோ

அவள் போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பங்குனியில் அவள் விட்டுப்போன இன்னொரு மாதிரிக் கவர் மேஜைக்குள் கிடந்தது. புது மையில் ஒரு ‘க’ எழுதினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துக்கு நாலு பக்கமும் மீசை முளைத்தது. சோப்பு பாதிக் காரணம், மழைக்காலத்தில் ஈரம் குடித்து நமுத்திருக்கும் கவர் மீதி. திருப்பினால் பின்னாலும் ஒரு ‘க’.

ஜமீலாவின் வீடு பத்து நிமிஷ நடை. ஓடியிருக்க வேண்டும். மழை விடட்டும் என்றேன். மழை விட்டது. போன் செய்யலாம் என்று எடுத்தேன், ‘அதேதான்’ என்று சொன்ன வாயால் என்ன பேசுவது என்று வைத்துவிட்டேன். ஒருவேளை அவளுடைய நிப்பில் சரியாக எழுதுமோ என்று ஒரு நப்பாசை வேறு. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து ஒரு போட்டோ. ஒரு வார்த்தை கூட இல்லை. நான் திறக்கவில்லை. திறந்தால் நீலக் குறி விழுந்துவிடும், பார்த்தது தெரிந்துவிடும்.

நாலு நாள், நம்புங்கள், நாலு நாள் நான் அந்தப் போட்டோவைத் திறக்காமல் மையைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். பிசின் கரைத்து விட்டேன். மீசை நின்றது, கூடவே பேனாவும் நின்றது. ஐந்து பேனா அடைத்துக்கொண்டது. தண்ணீர் விட்டேன், நிறம் போய்விட்டது. கடைக்கு யார் வந்தாலும் ஜமீலா வீட்டு ஆளோ என்று தூக்கிவாரிப் போடும். அவள் கையில் பத்துக் கவர்தான் உபரி என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தெருவில் ஒரு கல்யாணம் கெட்டால் அடுத்த கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். நாலாம் நாள் செல்வி என் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். “நீங்க போட்டோவைத் திறக்கலேன்னா, அங்க கவர்ல மை ஊறாம நின்னுடுமா?”

வக்கீலின் குறுக்கு விசாரணை

திறந்தேன். பிள்ளையார் பெயர் எழுதின கவர். ஒவ்வொரு எழுத்துக்கும் வேர் விட்டிருந்தது. அலமாரியை முழுக்கத் துழாவினேன். டாக்டரம்மா திருப்பிக் கொண்டுவந்த குப்பியையும் அந்த ஜாடியிலேயே ஊற்றியிருந்தேன், பழைய ஈட்டு மை என்னிடம் ஒரு சொட்டு இல்லை. வாங்கினவர்களில் இரண்டு குப்பி எடுத்தவர் ஒருவர்தான். படகில் எறணாகுளம் போய், பஸ் பிடித்துக் கலூரில் வக்கீல் ஆபீசில் போய் நின்றேன். சட்டை பாதி நனைந்திருந்தது.

விற்ற மையைத் திரும்பக் கேட்கிற கடைக்காரனை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். சும்மா விடுவாரா? உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சொட்டு எத்தனை, யார் சொல்லி விட்டேன், அந்தப் பெண் நேராகக் கேட்டாளா, நான் என்ன பதில் சொன்னேன், போட்டோ எப்போது வந்தது. எல்லாம் ஒப்புக்கொண்டேன். உள்ளே போய், மூடி திறக்காத குப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நான் எழுந்தபோது சொன்னார்: “சோப்பு ஊத்தினதுக்கு, தெரியாம நடந்துதுன்னு நான் வாதாடிடுவேன் அண்ணாச்சி. அந்த நாலு நாளுக்கு என்ன வாதாடறது?”

கை வலி

ஜமீலா கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, சாயா கொடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவர்க் கட்டுகள் அப்படியே அடுக்கி இருந்தன. கெட்டுப்போனவை மூன்றே மூன்று. பிள்ளையார் கவரைக் கிழிக்கவும் மனசில்லை, கொடுக்கவும் முடியாது என்று ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். நான் குப்பியை மேஜையில் வைத்து, இது பழைய மை, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றேன். அவள் பேனாவைக் கழுவித் துடைத்து, மை ஏற்றி, பிள்ளையார் பெயரைப் புதுக் கவரில் எழுதினாள். நூலும் பட்டையுமாக, ஒரு மீசை இல்லாமல் நின்றது. இருவரும் மூச்சுவிட்டோம்.

மை மாறியது முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டதாம். மெல்லிய நிப்பில் ஒன்று எழுதிப் பார்த்தாள், நிப்பைக் கவிழ்த்துப் பிடித்து ஒன்று எழுதிப் பார்த்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். எறணாகுளம் பிராட்வேயில் வேறு பழுப்பு மை கிடைக்கும், ஆனால் கல்யாண வீட்டார் சம்மதித்தது இந்த நிறத்துக்கு. நான் வருவேன் என்று நாலு நாள் பார்த்திருக்கிறாள். கல்யாண வீட்டிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து, ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். மையின் மேல் பழி போடவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். கவர்களை நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். அவள் அடுத்த கவரை எடுத்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னாள்: “உங்க மைன்னு சொன்னா இந்தத் தெருல அப்புறம் யாரு வாங்குவா? கை வலின்னு பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி. இனி ரெண்டு நாள்ல முந்நூத்தம்பது எழுதணும், அது நிஜமாயிடும்.”

ஆகவே, மை செய்து விற்க ஆசைப்படும் அன்பர்களே, எந்த நிப்பில் எந்தத் தாளில் எப்படி எழுதும் என்று பார்ப்பதெல்லாம் அரை மணி நேர வேலை. வாங்கினவர் அனுப்பின போட்டோவைத் திறப்பதுதான் இந்தத் தொழிலில் நாலு நாள் பிடிக்கிற வேலை.