ஒரே பால் குடித்தவை

காலையில் கறுப்பு முயல், மாலையில் சாம்பல். ஜுமாகதிர் பால்கனிக் கதவைக் காலால் சாத்திவிட்டு, கோட்டின் மார்புக்குள் செருகிய முயலோடு படுக்கையறைக்குள் வருகிறார். மனைவி புருல்சாவின் வலது கையைத் தூக்கி, முயலை அதன் கீழே வைக்கிறார். விரல்கள் மெல்ல மயிருக்குள் இறங்குகின்றன.

"பிடிச்சுக்கோ கிழவி. கரா வந்திருக்கான்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். புருல்சாவின் உடம்பில் அசைவது அந்தக் கை ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு முன் பித்தப்பைக் கல்லை எடுக்க ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவர். மயக்க ஊசியிலிருந்து விழித்தபோது பேச்சு இல்லை, கால்கள் இல்லை, இடது கை இல்லை.

ஜுமாகதிரின் தொழில் கிடாய்க் குட்டிகளுக்குக் காயடிப்பது. நரின் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் வசந்தகாலத்தில் ஒரு நாளைக்கு எண்பது குட்டிகள். வளைந்த கத்தி, ஒரு புட்டி அயோடின், முழங்கால்களுக்கு நடுவே குட்டி. அது கத்த வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். கல்யாண விருந்துகளில் மாப்பிள்ளையை அவர் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள் என்று யாராவது சத்தம் போடுவார்கள். "பயப்படாத தம்பி, கத்தி வீட்லதான் இருக்கு" என்பார், சிரிக்காமல்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் காயடிக்காத ஆண் முயல்கள் இரண்டு. கராவின் தாய் ஈன்றதும் செத்துவிட்டது. குட்டியை போஸின் தாயிடம் விட்டு வளர்த்தார்கள். கரா கறுப்பு, போஸ் சாம்பல். பால்கனியில் ஒட்டிப் போட்ட இரண்டு கூண்டுகள், நடுவே கம்பி வலை. கட்டிலிலிருந்து கண்ணாடி வழியே புருல்சா நாள் முழுவதும் பார்ப்பது அவற்றைத்தான்.

முயல்களுக்கு ஐந்தாம் மாதம் ஆனபோது சண்டை தொடங்கியது. வலையின் மேல் மூத்திரத்தைப் பீய்ச்சின. பின்னங்கால்களால் தரையை அறைந்தன. கம்பிகளில் மயிர் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. ஒரு நாள் காலை போஸின் மூக்கு நுனியைக் காணவில்லை.

மேய்ச்சலில் கிடாய்கள் பெண்ணாடுகளின் மேல் ஏறாதிருக்க வயிற்றுக்கடியில், அடித்து இறுக்கிய கம்பளித் துண்டு ஒன்றைக் கட்டுவார்கள். ஜுமாகதிர் உள்ளங்கை அளவில் இரண்டு தைத்து முயல்களுக்குக் கட்டிவிட்டார். இரண்டும் சாயங்காலத்துக்குள் தின்று தீர்த்தன.

கால்நடை மருத்துவர் நூர்சாத் வந்து பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டுக்கும் நான் ஆபரேஷன் பண்ணித் தர்றேன். ஒன்றரை மாசம் தனித்தனியா வைங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கலாம்."

"மயக்க ஊசி போடுவியா?"

"போடாம எப்படி?"

"அப்ப வேணாம் தங்கச்சி. ஊசி போட்டுத் திரும்பி வந்தவ உள்ள படுத்திருக்கா, பாத்துட்டுப் போ."

"ஊருக்கெல்லாம் வெட்டுறீங்க, நீங்களே வெட்டிராதீங்க. பயத்துலயே செத்துப்போயிடும்."

"நான் வெட்ட மாட்டேன். நான் வெட்டுன குட்டி ஒண்ணுகூட அப்புறம் என் கையில உப்பு நக்குனதில்ல. இதுங்க கைக்கடியில படுக்க வேண்டிய பிராணி."

"சரி, ஒரு கூண்டையாவது அடுப்படிக்குக் கொண்டு போங்க."

"அங்க வச்சா அவளுக்குத் தெரியாதே."

படியிறங்கப் போனவளிடம் வாசலில் நின்று சொன்னார்: "ஒரே பால் குடிச்சவனுங்க, சரியாயிடுவானுங்க. எனக்கும் என் கூட்டாளி கோஷோய்க்கும் ஒரே பொம்பளதான் பால் குடுத்தா. அறுபது வருஷமாச்சு, ஒரு சுடுசொல் உண்டா?"

மார்ச்சில் போஸ் புருல்சாவைக் கடித்தது. அந்தக் கையில் கராவின் வாசனை இருந்தது. ஆள்காட்டி விரல் எலும்புவரை கிழிந்து வீங்கியது. ஒன்பது நாள் கை அசையவில்லை. ஒன்பது நாளும் ஜுமாகதிர் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தார். பத்தாம் நாள் விரல் போர்வையைச் சுரண்டியது. அதன்பின் ஒரு முயலுக்கும் மறு முயலுக்கும் இடையில் வெந்நீரும் சோப்பும் கொண்டு அந்தக் கையை விரல் விரலாகக் கழுவினார், நகக்கண் உட்பட.

ஏப்ரலில் ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. போனால் நான்கு நாள். நான் அடுத்த வீட்டில் இருப்பவன், பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"கைய ஒழுங்காக் கழுவுவியா?"

"கழுவுறேண்ணே."

"நீ ஒரு தடவை மறந்தேன்னு வையி. அந்தக் கையும் போச்சு."

பால்கனிப் பக்கம் திரும்பினார். "கம்பிதான் குத்தம். பாக்குறான், கிட்ட போக முடியல, அதான் வெறி. வலைய எடுத்துட்டா மோந்து பாத்துத் தெரிஞ்சுக்குவானுங்க."

நூர்சாத்தை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன்.

"அவ புஸ்தகம் படிச்சவ. நான் பால் குடிச்சவன்" என்றார்.

புறப்பட வேண்டிய நாள் காலை வலையைக் கழற்றினார். இரண்டும் ஆளுக்கொரு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனார்.

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டும் ஓசை கேட்டது. டீ வேண்டுமென்றால் புருல்சா அப்படித்தான் தட்டுவார்.

"வர்றேன் கிழவி, பால் கொதிக்கட்டும்."

தட்டல் வேகமாயிற்று.

"அறுபது வயசாச்சு, இன்னும் அவசரம் போகல உனக்கு."

என் வீட்டுச் சுவர்வரை அதிர்ந்தது. நான் உள்ளே போனபோது அவர் இரண்டு கிண்ணங்களோடு படுக்கையறை நடுவில் நின்றிருந்தார். புருல்சாவின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் போஸ் மல்லாந்து கிடந்தது. வயிறு திறந்திருந்தது. ஜுமாகதிரின் கத்தி தொடாத இடத்தைக் கராவின் பற்கள் பிடுங்கியிருந்தன. சுவரோரம் உட்கார்ந்து கரா தன் முன்னங்கால்களை நக்கிக்கொண்டிருந்தது.

அன்று அவர் ஊர்களுக்குப் போகவில்லை. சாயங்காலம் கராவின் வாயையும் மார்பையும் வெந்நீரில் கழுவித் துடைத்து, கோட்டுக்குள் செருகிக் கொண்டுவந்தார்.

"இவனாவது இருக்கான் கிழவி. பிடிச்சுக்கோ."

கை முஷ்டியாக மூடியிருந்தது. சுண்டுவிரலைப் பிரித்தார். அடுத்ததைப் பிரிப்பதற்குள் அது மூடிக்கொண்டது. மறுபடி பிரித்தார், மறுபடி மூடியது. புருல்சா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முயலைத் தரையில் விட்டார். அது கட்டிலுக்கடியில் போயிற்று. ஜுமாகதிர் வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார், மண்டியிட்டார், மூடிய அந்த முஷ்டியைத் தூக்கி, நரைத்த தலையை அதன் கீழே வைத்தார்.